அந்தப் பசையில் என்ன இருந்தது

என் தோழி பால் குடிக்கமாட்டாள். தயிர், மோர், நெய் எதையும் தொடமாட்டாள். அருப்புக்கோட்டையில் கொத்தமல்லியும் பருப்பும் மொத்தமாக வாங்கி விற்கிற மண்டிக்காரர் வீட்டுப் பெண் அவள். வீட்டில் எல்லோரும் சுத்த சைவம்தான், ஆனால் அந்தச் சைவம் அவளுக்குப் போதவில்லை. சின்ன வயதில் பெரியம்மா ஊருக்குப் போயிருந்தபோது, செத்துப்போன கன்றுக்குட்டியின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, பசுவின் முன்னால் நிறுத்திப் பால் கறந்ததைப் பார்த்துவிட்டாள். பசு அந்தத் தோலை நக்கிக்கொண்டே பாலைச் சுரந்ததாம். அன்றோடு பாலை நிறுத்தினாள். பட்டுப்பாவாடையும் தோல்செருப்பும் அதற்குப் பிறகு போயின. தேனும் போனது. அவள் வீட்டில் முதலில் அடித்துப் பார்த்தார்கள், பிறகு கெஞ்சினார்கள், பிறகு அவளுக்கு மட்டும் தனியாக வரக்காப்பி போடப் பழகிக்கொண்டார்கள்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஒரே இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் படித்தோம். உரக்கடை ஒன்றின் மாடியில், இரண்டு வரிசை மெஷின்களும் ஓயாத சத்தமுமாக இருந்த இடம். நான் பரளச்சிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். எங்கள் வீட்டில் கரிசல் காடு, மானாவாரிப் பருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணைச் சும்மா வைத்திருக்க வேண்டாமே என்ற யோசனை. அவள் வீட்டில் மாப்பிள்ளை அமைகிற வரைக்கும் பொழுது போக வேண்டும் என்ற கணக்கு. முதல் நாள் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தோம். மதியம் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இந்த பன்னுல முட்டை போட்டுருப்பாகளா?" என்பதுதான்.

எனக்குத் தெரியாது. கீழே இறங்கிப்போய் டீக்கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னேன். அப்படித்தான் அது தொடங்கியது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் எந்த உயிர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அவளால் கடை கடையாகப் போய்க் கேட்க முடியாது, அப்பாவைத் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க. அந்நியமான கிராமத்துப் பெண் நான்தான் போய்க் கேட்பேன். சோப்பில் கொழுப்பு உண்டா, சாந்துப்பொட்டில் பூச்சி உண்டா, எல்லாம் கேட்டேன். எங்கள் வீட்டில் ஆடு, கோழி, கருவாடு எல்லாம் உண்டு. அண்ணன்மார் காட்டில் முயல் அடித்துக்கொண்டு வருவார்கள், நானும் தின்பேன். ஆனால் அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காக என் டிபன் பாக்ஸில் ஒரு அவித்த முட்டைகூட வந்ததில்லை. வீட்டில் மீன்குழம்பு கொதிக்கிற நாளில் வெறும் ரசம் சாதம் கட்டிக்கொண்டு போவேன். இதை அவளிடம் சொன்னதில்லை. அவளுக்கு எதையும் விசாரித்துச் சொல்கிற ஆள் நான் ஒருத்திதான் என்பது எனக்குப் போதுமாக இருந்தது.

அப்போதுதான் அந்த அக்கா வந்து சேர்ந்தாள்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி. கணவர் பேங்க் ஆபீசர், மாற்றலாகி அருப்புக்கோட்டைக்கு வந்திருந்தார். கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம், குழந்தை இல்லை, வீட்டில் தனியாக உட்கார முடியவில்லை என்று டைப்பிங் படிக்க வந்தாள். வெள்ளை வெளேரென்ற கைக்குட்டை, மெல்லிசான வாயில் துணிப் புடவை, நடந்தால் பவுடர் வாசனை. அவளும் சைவம். வந்த முதல் வாரமே டிபன் பாக்ஸை என் தோழியின் பக்கமாக நகர்த்தி, "எங்க ஊட்டுக் கூட்டு இது, சாப்பிட்டுப் பாரு கண்ணு" என்றாள். என் தோழி, "தேங்காய்தானக்கா? மோரு ஊத்தலையே?" என்று அவளிடமே கேட்டுவிட்டுச் சாப்பிட்டாள். என்னை அனுப்பவில்லை, என்னிடம் கேட்கவும் இல்லை.

நான் என் டிபன் பாக்ஸைப் பாதியிலேயே மூடி வைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஸ்பீடு டெஸ்ட் ஒன்று நடந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து நான் அடித்துக்கொண்டிருந்தேன், என் தோழி பின்வரிசையில் இருந்தாள். டெஸ்ட் முடிந்து திரும்பிப் பார்த்தால் அவளைக் காணவில்லை. அக்காவையும் காணவில்லை. இரண்டு பேரும் மாடியின் பின்பக்கத்துக் குளியலறையில் இருந்து வந்தார்கள். அக்காவின் புடவைத் தலைப்பு என் தோழியின் இடுப்பைச் சுற்றியிருந்தது. அவள் பாவாடையின் பின்பக்கம் ஈரமாக, கசக்கிப் பிழிந்த தடத்தோடு இருந்தது.

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. அதைவிட முதலில் புரிந்தது, அவள் என்னைக் கூப்பிடவில்லை என்பதுதான். என் பைக்குள், டைப்பிங் புத்தகத்துக்கு அடியில், மடித்த பழைய வேட்டித்துணி எப்போதும் இருக்கும். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவளுக்கு நாள் தப்பித் தப்பி வரும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு தடவை அந்தத் துணியைத்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

"ஏன் எங்கிட்டக் கேக்கல?" என்றேன் படியிறங்கும்போது.

"நீ டெஸ்ட்டுல இருந்தீல்ல. அக்கா பாத்துட்டாக, அவுகளே ஒண்ணு குடுத்தாக." அவள் குரல் தணிந்தது. "துணி இல்லடி. நாப்கினு. அடியில பசை இருக்கு, ஒட்டிக்கிருது. நடந்தா ஒண்ணுமே தெரியல."

நான் அதைப் பத்திரிகை விளம்பரத்தில் பார்த்திருந்தேன், கையால் தொட்டதில்லை. மாதத்தில் அந்த மூன்று நாளும் நான் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவேன். உட்கார்ந்தால் எழும்போது என்ன ஆகியிருக்குமோ என்ற பயம். பரளச்சி ரோட்டில் பஸ் தூக்கித் தூக்கிப் போடும், துணி முடிச்சு அவிழ்ந்துவிடாமல் தொடையை இடுக்கி நின்று, இறங்கும்போது இரண்டு பக்கமும் அறுத்துப் புண்ணாகியிருக்கும். துவைத்ததை மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால், வேறொரு துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவேன். மழைநாளில் அது காயவே காயாது. இவள் சொல்கிறாள், நடந்தால் ஒன்றுமே தெரியவில்லையாம். அந்தச் சுகத்தை இவளுக்குக் கொடுத்தது வேறு ஒருத்தி.

ஆனால் அவள் அவள்தான். மறுநாளே கேள்வி வந்தது.

"அக்கா, அந்தப் பசை எதுல செஞ்சது?"

அக்கா சிரித்தாள். "பசை பசைதான் கண்ணு."

"இல்லக்கா. எங்க மண்டிக்குப் பக்கத்துல தச்சுப் பட்டறை இருக்கு. மரத்த ஒட்டுறதுக்கு வஜ்ஜிரம் காச்சுவாக. அது மாட்டுத்தோலும் எலும்பும் போட்டுச் செய்யிறது. அதா இருந்தா நான் வைக்கமாட்டேன்."

அக்கா யோசித்தாள். அவள் தம்பி மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். "அவனைக் கேட்டுப் பார்க்கறேனுங்க. ஆனா ஒண்ணு, பவுடரு, சோப்பு எல்லாம் முதல்ல முயலு மேலதான் போட்டுப் பார்ப்பாங்களாமா. கண்ணுல விட்டுக்கூடப் பார்ப்பாங்கன்னு அவன் சொல்லியிருக்கான்."

என் தோழியின் முகம் சுருங்கிப் போனது. "அப்ப இதையும் ஏதாச்சும் முயலு மேல வச்சுத்தான் பாத்துருப்பாகளா?"

"அது தெரியலீங்க கண்ணு."

அந்த வாரம் முழுக்க இருவரும் அதையே பேசினார்கள். பசை, முயல், பஞ்சு, தம்பி. நான் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன், வரிக்கு ஒரு தப்பு. இன்னொன்றும் கவனித்தேன். என் தோழி "ஆமாங்க" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். "சரிங்க", "இல்லீங்க" என்று அக்காவின் இழுவையோடு. மண்டிக்காரர் மகள், பிறந்ததிலிருந்து "ஆமா", "இல்ல" என்று பேசினவள். ஒருநாள் என்னிடமே, "வாரீங்களா?" என்றாள். விளையாட்டுக்குத்தான். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. அந்தப் பசை வஜ்ஜிரமாக இருக்க வேண்டும். கட்டாயம் வஜ்ஜிரமாக இருக்க வேண்டும். இருந்துவிட்டால் அவள் அக்கா கொடுத்ததைக் கையால் தொடமாட்டாள். அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறவள் நானாக இருப்பேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த மெடிக்கல் கடையில் ஆண்கள் கூட்டம் குறைகிற வரைக்கும் நின்று, விரலால் சுட்டி, ஒரு பாக்கெட் வாங்கினேன். கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் செய்தித்தாளில் சுற்றி, சணலால் கட்டிக் கொடுத்தார். வழி நெடுக மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

வஜ்ஜிரம் எனக்குத் தெரிந்த சரக்கு. எங்கள் வீட்டுக்குக் கதவு செய்தபோது ஆசாரி வாசலிலேயே அடுப்பு மூட்டிக் காய்ச்சினார். வெந்நீரில் ஊறிக் கரையும், குழகுழவென்று வரும், தீயில் பட்டால் மயிர் கருகுகிற வாடை தெருவையே தூக்கும். அம்மா மிளகாய்க்குக் களையெடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு நாப்கினைப் பிரித்தேன். அவ்வளவு வெள்ளையான ஒன்றை எங்கள் வீட்டுக்குள் நான் அதுவரை பார்த்ததில்லை. அடியில் இருந்த காகிதத்தை உரித்து, பசைப் பட்டையைக் கத்தரித்து, சிரட்டையில் வெந்நீர் ஊற்றிப் போட்டேன். கரைந்துவிடு, கரைந்துவிடு என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கரையவில்லை. குச்சியால் கிண்டினேன், நீரை மாற்றி இன்னும் சூடாக ஊற்றினேன். அது ரப்பர் மாதிரி இழுபட்டதே தவிர இளகவில்லை. கடைசியாக இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினேன். சைக்கிள் கடையில் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும்போது வருமே, அந்த வாடை வந்தது. தோல் வாடை துளிகூட இல்லை.

"என்னத்தடி கருக்குற?" அம்மா களைக்கொத்தியோடு வாசலில் நின்றிருந்தாள்.

"பசை."

"எதுக்கு?"

"மாட்டுத்தோலுல செஞ்சதான்னு பாக்கேன்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கீழே கிடந்த நாப்கினை எடுத்தாள். என்ன என்று கேட்கவில்லை, புரட்டிப் பார்த்துத் தானே புரிந்துகொண்டாள். மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"இத வச்சா தொடை அறுக்காதா?"

"அறுக்காதாம்."

"துவைக்கவும் வேண்டாமாக்கும்."

"தூக்கிப் போட்டுற வேண்டியதுதான்."

அம்மா அதை மறுபடி ஒருதடவை கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "நல்ல காலத்துல பொறந்துருக்கீக," என்றாள் கடைசியில். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். அந்த ஒரு வாரமாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த அதே குரல். அம்மா என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அதை வைத்துக்கொள்ள வாங்கவில்லை, எரித்துப் பார்க்க வாங்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் இன்ஸ்டிட்யூட் படியிலேயே அவளைப் பிடித்தேன். வருகிற வழியெல்லாம், வஜ்ஜிரம்தான் என்று சொல்லிவிடலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அவள் என்னை எதற்காக நம்பினாளோ அதைக் கெடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

"அது வஜ்ஜிரம் இல்ல," என்றேன். "காச்சிப் பாத்தேன், கருக்கிப் பாத்தேன். ரப்பர் மாதிரி ஏதோ ஒண்ணு. தோலும் இல்ல, எலும்பும் இல்ல."

"நெசமாவா? நீயா பாத்த?"

"நானேதான்."

அவள் என் கையைப் பிடித்தாள். அவள் கண் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் எல்லாம் எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிடம் கையை விட்டுவிட்டுப் படியேறி ஓடினாள். "அக்கா, அக்கா, வஜ்ஜிரம் இல்லையாங்க" என்று அவள் குரல் மேலே கேட்டது. நான் கண்டுபிடித்ததை எடுத்துக்கொண்டு அக்காவிடம்தான் ஓடினாள்.

நான் மேலே போனபோது அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "காய்ச்சியேவா பார்த்தீங்க? எந்தம்பிகூட இத்தனை மெனக்கெட மாட்டானுங்க." கேலி இல்லாத சிரிப்பு. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஆனால் முயல் விஷயம் மிச்சம் இருந்தது. தம்பிக்குத் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை. என் தோழி வைப்பதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தாள். அதில் எனக்கு ஒரு வழி தெரிந்தது.

"நான் தச்சுத் தாரேன்," என்றேன். "எங்க காட்டுப் பஞ்சு, அப்பாவோட பழைய வேட்டி. கையால விதை எடுத்து, உள்ள வச்சுத் தைக்கிறேன். அதே மாதிரி இருக்கும். எங்க பருத்தி வெறும் மழைத்தண்ணியில வெளையிறது. ஒரு முயலையும் யாரும் ஒண்ணும் செய்யல."

அண்ணன்மார் அடிக்கிற முயல்கள் ஞாபகம் வந்தன. அவை பருத்திக்காகச் சாகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "நான் காட்டப் பாக்கணும்," என்றாள். "பஞ்ச நானே எடுக்கேன்." எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம் சொன்னாள், "அக்காவையும் கூட்டிக்கிட்டு வாரேன், அவுக பருத்திக்காடே பாத்ததில்லையாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பருத்தி வெடித்திருந்த நேரம். கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, அதன் மேல் வெள்ளையாக ஒரு காடு. அக்கா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். என் தோழி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நான் அவளுக்கு வெடித்த காயிலிருந்து சுளை எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன், காம்பில் கீறாமல், சருகு ஒட்டாமல். அவள் மடியில் பஞ்சு நிறைந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அவள் என் காட்டில், என் பக்கத்தில், என் கையைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தாள். அக்கா வரப்பில் நின்றிருந்தாள். எனக்கு அதுவே பண்டிகையாக இருந்தது.

நாங்கள் வழக்கமாகப் போடுவது கருங்கண்ணிப் பருத்தி. குட்டைச் செடி, பூச்சி அவ்வளவாக அண்டாது. அந்த வருடம் அப்பா புது ரகம் விதைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். ஆனால் டைப்பிங் சேர்ந்த பிறகு நான் காட்டுப் பக்கமே வரவில்லை. அந்த ரகத்துக்கு என்னவெல்லாம் செய்தார்கள் என்று நான் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

காட்டுக்கோடியில், உடைமரத்துக்குக் கீழே ஒரு தகர டிரம் இருந்தது. அதில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. என் தோழி கை கழுவலாம் என்று அங்கே போனவள் அப்படியே நின்றாள். டிரம்மைச் சுற்றி மைனாக்கள் செத்துக் கிடந்தன. சிலது காய்ந்து, இரண்டு அப்போதுதான் விழுந்த மாதிரி, அலகு திறந்து. பக்கத்தில் தேனீக்களும் பெயர் தெரியாத பூச்சிகளும் மண்ணோடு மண்ணாக.

அப்பா வேகமாக வந்தார். "அதுல கைய வைக்காத தாயி. மருந்து கலக்குன டிரம்மு. காட்டுக்குள்ள எறங்கிட்டு வந்தா நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் எதையும் திங்கணும்."

"மருந்தா?" என்றேன் நான். "எப்பப்பா அடிச்சீக?"

"எப்பவா? வாரத்துக்கு ஒருக்க அடிச்சோம். இந்த ரகத்துக்கு அடிக்காட்டி காய்ப்புழு வழிச்சு நக்கிட்டுப் போயிருமே." என் தோழியின் முகத்தைப் பார்த்து அவர் குரல் மாறியது. "என்ன தாயி செய்யிறது. போன வருசம் இதே ரகத்தப் போட்ட பக்கத்துக் காட்டுக்காரனுக்கு, அடிக்காம விட்டு பாதிக்காடு போச்சு. இப்ப எங்க போனாலும் மருந்து அடிக்காம பஞ்சு இல்ல. கடையில விக்கிற அந்த இதுக்கும் பஞ்சு இப்படித்தான எங்கிட்டாச்சும் வெளையும்."

எதற்காக வந்திருக்கிறோம் என்று அம்மா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்பா அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

என் தோழி மடியை அவிழ்த்துப் பஞ்சை வரப்பில் வைத்தாள். கொட்டவில்லை, பதனமாக வைத்தாள். பிறகு ஒரு மைனாவை எருக்கிலையில் எடுத்தாள். அக்கா வரப்பிலிருந்து இறங்கி வந்து, ஒரு குச்சியால் மரத்தடியில் மண்ணைக் கீறத் தொடங்கினாள். வாயில் புடவை புழுதியில் புரண்டதை அவள் கவனிக்கவில்லை. இருவரும் குனிந்து, தலைக்குத் தலை ஒட்டி, ஒவ்வொன்றாகப் புதைத்தார்கள். நான் மடி நிறையப் பஞ்சோடு நின்றேன். செத்த பறவைகளைப் பார்த்து எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. நான் அந்த இரண்டு தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் தோழி சொன்னாள், "எனக்கு மாசாமாசம் வடியிறதுக்கு வேற ஒண்ணு சாகணுமாக்கும்."

அக்கா புடவைப் புழுதியைத் தட்டிக்கொண்டே, "எதையும் சாகடிக்காம இருக்க முடியாது கண்ணு. கொஞ்சமாச் சாகடிக்கலாம், அவ்வளவுதான்," என்றாள். எனக்கு அது தோன்றியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவள் நாப்கினும் வாங்கவில்லை, என்னைத் தைத்துத் தரச் சொல்லவும் இல்லை. அவள் அம்மாவின் பழைய நூல் சேலைகள் பெட்டியில் கிடந்தன, கட்டிக் கட்டிப் பூப்போல ஆனவை. அதைக் கிழித்து வைத்துக்கொண்டாள். "பழசுக்காகப் புதுசா எதுவும் சாகாதுல்ல," என்றாள். அக்காவுக்கும் எனக்கும் இடையில் நடந்த பந்தயத்தில் தோழியின் அம்மா ஜெயித்துவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. கொஞ்ச நாள் அவள் அம்மாவின் மேலும் எனக்கு எரிச்சல் இருந்தது.

நாங்கள் டைப்பிங்கில் லோயர் பரீட்சை எழுதினோம், மூவரும் தேறினோம். அக்காவின் கணவருக்கு மறுபடி மாற்றல் வந்து கோயம்புத்தூர்ப் பக்கமே போய்விட்டார்கள். வழியனுப்பப் போன என் தோழி பஸ் ஸ்டாண்டில் அழுதபோது நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குள் ஒரு பாரம் இறங்கியதை மறைப்பது பெரும்பாடாக இருந்தது. ஆனால் பலன் ஒன்றுமில்லை. அக்கா இருந்தபோது பேசியதைவிட, போன பிறகுதான் என் தோழி அவளைப் பற்றி அதிகம் பேசினாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளுக்கு மல்லாங்கிணற்றில் மாப்பிள்ளை அமைந்தது. பலசரக்குக்கடைக் குடும்பம். எல்லாம் கூடி வந்த பிறகு பட்டுச்சேலையில் வந்து நின்றது. அவள் கட்டமாட்டேன் என்றாள். மாப்பிள்ளையின் அம்மா, நூல் சேலையில் தாலி வாங்குகிற பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்றார்கள். அவள் வீட்டில் நாலைந்து நாள் ஒரே சண்டை. நான் போய் அவளோடு படுத்துக்கொண்டேன், தேற்றினேன், ஆனால் வழி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் அக்கா வந்து இறங்கினாள். கையில் ஒரு சேலை. பருத்தி நூல், அரக்குச் சிவப்பு, கையகலக் கரை. என் தோழி எழுதிய கடிதத்தைப் பார்த்து, தெரிந்த நெசவுக்காரர் வீட்டில் சொல்லி நெய்து வாங்கியிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அதை விரித்துப் பார்த்து, விரலால் தடவி, "பட்டு தோத்துச்சு போ," என்றார்கள். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. விடிகாலை அக்கா கொசுவம் வைத்து அவளுக்குக் கட்டிவிட்டாள், நான் ஊக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் கொண்டுபோயிருந்தது பெயர் வெட்டிய எவர்சில்வர் குடம். மணவறைக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஏழெட்டுக் குடங்கள் இருந்தன.

எனக்கும் அடுத்த வருடமே கல்யாணமாகி, வீரசோழன் பக்கம் ஒரு ஊருக்கு வந்துவிட்டேன். இரண்டு பிள்ளைகள், காடு, மாடு. அவளை ஆண்டுக்கு ஒரு தடவை பார்த்தால் பெரிது. தொண்ணூறுகளின் கடைசியில் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்புகிறபோது, மல்லாங்கிணற்றில் இறங்கி அவள் கடைக்குப் போனேன். அவள் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் பெருத்திருந்தாள், முன்மண்டையில் ஒரு நரை. என்னைப் பார்த்ததும் கணவரைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

அவள் பெண்ணுக்கு அஞ்சு வயது. வீட்டில் பால் வாங்குவதை அவள் தடுக்கவில்லை, மாமியார் எவ்வளவோ சொல்லியும் தான் மட்டும் குடிப்பதில்லை. "மத்தவுகளுக்கு நான் சொல்லமாட்டேன்," என்றாள். எனக்கு வரக்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில் சொன்னாள்.

"போன மாசம் அக்கா வந்துருந்தாக."

"எந்த அக்கா?" என்றேன், தெரிந்தும்.

"நம்ம அக்காதான். மதுரைக்குக் கல்யாணத்துக்கு வந்தவுக அப்படியே இங்க வந்துட்டாக. ரெண்டு நாள் இருந்தாக. பொழுது போனதே தெரியல."

இத்தனை வருடம் கழித்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளாக, ஆஸ்பத்திரிச் சீட்டு இடுப்பில் இருக்க, எனக்கு நெஞ்சுக்குள் அதே சூடு ஏறியது. நான் பெரிய மனுஷியாகிவிட்டேன், இதெல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். காப்பியைக் கீழே வைத்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"நீ எங்கடி வருவ? பருத்தி எடுப்பு, பிள்ளைக பள்ளிக்கூடம்னு ஆயிரம் சொல்லுவ."

அது உண்மைதான். அவள் கூப்பிட்டு நான் வராமல் போன தடவைகள் உண்டு. கீழே வைத்த காப்பியை எடுத்துக் குடித்து முடித்தேன்.

"அடுத்த மாசம் நான் வாரேன்," என்றேன். "மூணு நாள் இருப்பேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மூன்று எதற்கு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டிலேயே எல்லாம் புரிந்துதான் இருந்திருக்கிறது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. சிரிக்கவில்லை, கேலி செய்யவும் இல்லை.

"வா," என்றாள். "நாலு நாளாவே இரேன்."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "மல்லாங்கிணத்துல மூணு நாளு என்ன சோலி?" என்று கேட்டார்.

"ஒரு சோலியும் இல்ல," என்றேன்.

பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு அடுத்த மாதம் போனேன்.